ஒண்ணாம் நம்பர் டோக்கன்

உங்கள் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள். என்னுடையது எழுத மாட்டேன் என்கிறது. பெயர், பதவி, இவரை எத்தனை வருஷமாகத் தெரியும், மூன்றும் எழுதிவிட்டேன். நாலாவது கேள்வியில் வந்து நின்றுவிட்டது.

நன்றி. உடனே எழுதிவிடப் போவதில்லை. கையில் பேனா இருந்தால் யோசனை ஓடும், அதற்காகக் கேட்டேன்.

புதுச்சேரிக்குத்தானே? நானும் அங்கேதான். கண் ஆஸ்பத்திரி. இடது கண்ணில் புரை என்கிறார்கள். பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கவரையும் அங்கேதான் கொடுக்க வேண்டும், அதே ஆஸ்பத்திரியில். எங்கள் ஆலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. கிடைத்திருக்கிறது என்றால், இந்தத் தாள் போய்ச் சேர்ந்தால் கிடைக்கும். முன்பு வேலை பார்த்த இடத்தில் மேலே இருந்தவர் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மேலே இருந்தவன் நான். "நீங்கதான் கண்ணு காட்டப் போறீங்களே, கையிலயே குடுத்துடுங்க தணிகாசலம்" என்று பர்சனல் ஆபீசர் தூக்கிக் கொடுத்துவிட்டார். இன்றைக்குக் கடைசி நாள்.

இந்த ஜன்னல் ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் இப்படியேதான் ஆடிக்கொண்டு வருமா? காதுக்குள்ளேயே அடிக்கிறது.

நாலாவது கேள்வியைப் படிக்கிறேன், கேளுங்கள். 'இவரது கவனக்குறைவால் தங்கள் நிறுவனத்தில் பணி பாதிக்கப்பட்டதா? ஆம், இல்லை.' ஒன்றில் வட்டம் போட்டால் போதும். சின்ன விஷயம்தான். ஆனால் முப்பத்தொரு வருஷ சர்வீஸில் நான் ஒரு பொய் எழுதியதில்லை. வாயால் சொன்னதும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வேன். கேட்காததற்குச் சொல்ல மாட்டேன். அது என் பழக்கம்.

அந்தப் பெண் பெயர் சுகந்தி. திண்டிவனம் பக்கம். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். அம்மாவைத் தவிர யாரும் இல்லை. சென்னையில் ஏதோ கம்பெனியில் இருந்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று இந்தப் பக்கம் வந்தது. எங்கள் சர்க்கரை ஆலையில் ஒரு வருஷம் தற்காலிகம், பிறகு நிரந்தரம் என்று பேச்சு. நல்ல பெண். நான் குறை சொல்லவில்லை. யார் கேட்டாலும் நல்ல பெண் என்றுதான் சொல்வேன். என்ன, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. ஒரு வருஷம் எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்துவிட்டு, போகிறேன் சார் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போவது என்ன பழக்கம்?

சரி, முதலில் இருந்து சொல்கிறேன்.

அரவைக் காலத்தில் எங்கள் ஆலை வாசலில் பார்த்திருக்கிறீர்களா? டிராக்டரும் லாரியுமாக ஒரு மைல் நிற்கும். வெட்டின கரும்பு வெயிலில் நின்றால் காயும், எடை இறங்கும். அதனால் யார் முன்னால் வந்தார்களோ அவர்கள் முன்னால் போக வேண்டும். அதற்குத்தான் டோக்கன். கேட்டில் வண்டி நம்பரைப் போட்டால் சீட்டு வரும், பலகையில் நம்பர் எரியும், எடை மேடைக்குக் கூப்பிடும். இதை எல்லாம் செய்வது ஒரே ஒரு புரோகிராம். நான் எழுதியது. இரண்டாயிரத்து மூன்றில், தனி ஆளாக. அதற்கு 'வரிசை' என்று பெயர் வைத்தேன். இருபது வருஷம் ஓடியது. ஒரு நாள் ஒரு வண்டி இடம் மாறியதில்லை.

அது எப்படி ஓடும் என்று சொன்னால்தான் மற்றது புரியும். கஷ்டம் ஒன்றும் இல்லை. லினக்ஸ் மெஷின் எழுந்ததும் அதற்குள் முதலில் எழுவது இனிட். மற்ற எல்லாவற்றையும் எழுப்புவது, விழுந்தால் தூக்கி நிறுத்துவது, அடங்காததை அடக்குவது, எல்லாம் அதுதான். எங்கள் ஆலையில் ஆள் வருவது போவதைக் கணக்கு வைக்கிற டைம் ஆபீஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னணியில் ஓடுகிற சர்வீஸ் என்றால் அந்தக் காலத்தில் ஒரு முறை உண்டு. புரோகிராம் எழுந்ததும் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும். ஃபோர்க் என்பார்கள். உண்டாக்கிவிட்டுத் தான் போய்விடும். பிள்ளை இருந்து வேலையைப் பார்க்கும். பெற்றது போய்விட்டதால் பிள்ளையை இனிட் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். என் 'வரிசை'யும் அப்படித்தான். எழுந்து, பிள்ளையை விட்டு, ஒரு வினாடியில் போய்விடும். பெற்றது போனால்தான் வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. மெஷின் கணக்கு அது.

நான் போன மே மாதமே ரிட்டையர் ஆகிவிட்டேன். இப்போது எக்ஸ்டென்ஷனில் இருக்கிறேன். அது வேறு கதை.

சுகந்தி வந்த வருஷம் புது சர்வர் வாங்கினார்கள். அதில் இனிட் புது மாதிரி. ஒவ்வொரு சர்வீசுக்கும் பத்து வரியில் ஒரு ஃபைல் எழுதிக் கொடுக்க வேண்டும். எதை எழுப்புவது, விழுந்தால் திரும்ப எழுப்புவதா, இது ஃபோர்க் ஆகிற ரகமா, ஆகாத ரகமா என்றெல்லாம். ஃபோர்க் ஆகிற ரகம் என்று எழுதிவிட்டால், இந்த இனிட் பெற்றது போகட்டும் என்று காத்திருக்கும். தொண்ணூறு வினாடி. அதற்குள் போகவில்லை என்றால், எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று முடிவு கட்டி, அடித்துப் போட்டுவிட்டு முதலில் இருந்து எழுப்பும். இதெல்லாம் நான் பிறகு படித்தது. அப்போது அந்த ஃபைல் பக்கமே நான் போகவில்லை. சுகந்திதான் எழுதியது. என் புரோகிராமைப் பற்றி என்னிடம் நாலு கேள்வி கேட்டது, எழுதியது, போட்டது, ஓடியது. முதல் வரியில் தன் பெயரும் தேதியும் போட்டிருந்தது. முறையாகச் செய்யும்.

ஒரு நாள் டீ நேரத்தில், கேட் கிளார்க் ஏழுமலையும் இருந்தான், பேச்சுவாக்கில் அந்தப் பெண் சொன்னது. "இப்பல்லாம் யாரும் புரோகிராமுக்குள்ள ஃபோர்க் பண்றதில்ல சார். அது பாட்டுக்கு தானே நின்னு ஓடினாப் போதும், மத்ததெல்லாம் இனிட்டே பாத்துக்கும்."

ஏழுமலை சும்மா இருக்கமாட்டான். "அப்ப சாரோடது பழைய மாடலா?" என்றான்.

"பழசுன்னு இல்ல. அந்தக் காலத்து முறை" என்றது.

எனக்குக் கோபம் இல்லை. கோபம் என்று யார் சொன்னது? அது சொல்வதற்கு முன்பே எனக்கே தோன்றிய விஷயம்தான். ஃபோர்க் பண்ணுகிற இடம் மொத்தம் ஆறு வரி. எடுத்தால் எடுத்துவிடலாம். பெரிய வித்தை இல்லை. அதைக் காட்டுவதற்காக எடுத்தேன் என்று நினைக்காதீர்கள். எடுக்க வேண்டியது, எடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளீனிங்கிற்காக ஆலையை நிறுத்தியிருந்தார்கள். வண்டி வராது. நான் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் போனேன். ஆறு வரியை எடுத்தேன். இனிட் இல்லாமல் கையால் ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் கவனிக்க வேண்டும், ஓட்டிப் பார்க்காமல் நான் விடவில்லை. அரை மணி நேரம் ஓடியது. சீட்டு வந்தது, பலகை எரிந்தது. தங்கமாக ஓடியது. வேலை முடிந்தது, ஏசியை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஃபைலா? அந்தப் பத்து வரி ஃபைலை நான் தொடவில்லை. அது சுகந்தியுடைய ஃபைல். மற்றவர் ஃபைலில் கை வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். திங்கட்கிழமை சொல்கிற மாதிரியா விடிந்தது?

காலை ஆறு மணிக்கு மெஷினை எழுப்பினார்கள். இனிட் எழுந்தது. 'வரிசை'யை எழுப்பியது. ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது? ஃபோர்க் ஆகிற ரகம். அதனால் பெற்றது போகட்டும் என்று காத்திருந்தது. என் புரோகிராம் எங்கே போகும்? அது நின்று வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. சீட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தொண்ணூறு வினாடி ஆனதும் அடித்துப் போட்டது. திரும்ப எழுப்பியது. கடைசி நம்பரை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் டிஸ்கில் எழுதிவைப்பது போல நான் அமைத்திருந்தேன். இருபது வருஷமாக அது போதுமானதாக இருந்தது. ஐந்து நிமிஷம் உயிரோடு இருந்தால்தானே எழுதும்? எழுந்ததும் டோக்கன் ஒன்று. அடுத்த வண்டிக்கு இரண்டு. மூன்று. அடி. மறுபடி ஒன்று.

முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அதையும் சொல்ல வேண்டும் இல்லையா. எந்த வண்டிக்காரன் சீட்டைப் பார்த்தாலும் ஒன்று, இரண்டு, இல்லையென்றால் மூன்று. நல்ல நேரம் என்று பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டீக் குடிக்கப் போய்விட்டார்கள். பலகையில் ஒன்று எரிந்தபோது இருபது டிராக்டர் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆயிற்று. ஏழுமலை எனக்குப் போன் போட்டான். "சார், இன்னைக்கு எல்லாரும் ஃபர்ஸ்ட் ரேங்க்" என்றான். பின்னாலே ஒரு ஆள் கத்திக்கொண்டிருந்தது கேட்டது. "நானும் ஒண்ணாம் நம்பரு, இவனும் ஒண்ணாம் நம்பரு. அப்ப ரெண்டு பேரையும் சேத்து வெச்சு அரைச்சுடுவீங்களாய்யா?"

சிரிப்பு வந்தது. அப்போது வந்தது. ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தபோது கேட்டில் கண்ணாடி உடைந்திருந்தது. ஒரு டிரைவருக்கு நெற்றியில் நாலு தையல்.

சுகந்தி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. சர்வீசை நிறுத்தி, பழைய காலண்டர் தாள்களைக் கிழித்து, நம்பர் எழுதி ஏழுமலையிடம் கொடுத்து, வண்டி வண்டியாக நடந்து போய் யார் எப்போது வந்தார்கள் என்று கேட்டு ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தது. வெயிலில். ஐந்து நாள் அப்படித்தான் ஓடியது, விசாரணை முடிகிற வரைக்கும் மெஷினில் யாரும் கை வைக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அதற்குள் பாதி வண்டியில் கரும்பு சருகாகிவிட்டது. விவசாயிகள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். யார் பொறுப்பு, பெயரைச் சொல்லு என்றார்கள். நிர்வாகத்துக்கு ஒரு பெயர் வேண்டும். நியாயம்தானே.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் சுகந்தி உள்ளே வந்து, மெஷினில் கொஞ்ச நேரம் எதையோ பார்த்தது. பிறகு திரும்பி என்னிடம் கேட்டது.

"சார், ஞாயித்துக்கிழமை ஆபீஸ் வந்தீங்களா?"

"வந்தேம்மா. ஏசி அணைச்சுட்டுப் போனேன்" என்றேன்.

ஏசி அணைத்தேனா இல்லையா? அணைத்தேன். அதற்கு மேல் அது கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இன்றைக்கும் அதுதான் என் வருத்தம். வேறு எதுவாவது கேட்டிருக்கலாம்.

என்ன? இல்லை, இல்லை. அன்றைக்கே இல்லை, விசாரணை வியாழக்கிழமை. ஜி.எம். ரூமில். பத்மநாபன் என்று பெயர். கெமிக்கல் படித்தவர், இதெல்லாம் அவருக்குத் தெரியாது. கையில் மெஷின் எழுதிவைத்த லாக் பிரிண்ட் இருந்தது. நாற்பது பக்கம். நாற்பது பக்கமும் ஒரே வரி. இந்த சர்வீஸ் ஆரம்பிக்க நேரமாகிவிட்டது, நிறுத்தப்படுகிறது, அவ்வளவுதான். இதில் சொல்லியிருக்கிற சர்வீஸ் ஃபைல் யார் எழுதியது என்று கேட்டார்.

"சுகந்தி சார்" என்றேன். உண்மை.

"புரோகிராம்?"

"நான் எழுதினது சார். ஓடுது. அரை மணி நேரம் ஓட்டிப் பாத்தேன்." அதுவும் உண்மை.

அப்போது அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "புரோகிராம் மாறியிருக்கு சார்" என்று அவரிடம் சொன்னது. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

ஜி.எம். என் பக்கம் திரும்பினார். "மாறினா ஓடாதா?"

"மாறினாலும் ஓடும் சார்" என்றேன்.

யார் மாற்றியது என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? நான்தான் என்று சொல்லியிருப்பேன். சத்தியமாக. அவர் கேட்கவில்லை. அப்ப ஃபைல்தான் என்று எழுதிக்கொண்டார். சுகந்தியும் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எனக்காகவா? நான் என்ன அதற்குச் செய்தேன்? ஒன்றும் செய்யவில்லையே.

வெள்ளிக்கிழமை, தற்காலிகப் பணி நீட்டிக்கப்படவில்லை என்று கடிதம் கொடுத்தார்கள். சாயங்காலம் நான் ஸ்டோர்சுக்குப் போயிருந்த நேரத்தில் கிளம்பிவிட்டது. மேஜை சுத்தமாக இருந்தது. கீபோர்டைக்கூடத் துடைத்து வைத்திருந்தது. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது என்று சொன்னேனே, அது இதுதான்.

சனிக்கிழமை காலை எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு மெஷினை எழுப்பினேன். தொண்ணூறு வினாடி. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நூறு. நூற்றைம்பது. ஐந்து நிமிஷம். டோக்கன் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு வந்ததும் ஏழுமலை கை தட்டினான். இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் ஜி.எம்.மிடம் சொன்னேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். பொங்கலுக்குச் சால்வை போர்த்தினார்கள். ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷனும் அதனால்தான். நான் கேட்டு வாங்கியது இல்லை.

எப்படிச் சரியாயிற்று என்கிறீர்கள். நானும் பார்த்தேன். அந்தப் பத்து வரி ஃபைலில் ஒரு வார்த்தை மாறியிருந்தது. ஃபோர்க் ஆகிற ரகம் என்று இருந்த இடத்தில், ஆகாத ரகம் என்று இருந்தது. தேதி வெள்ளிக்கிழமை, நேரம் ஐந்து பன்னிரண்டு. இந்த மெஷின்கள் தானாக அப்டேட் ஆகும் பாருங்கள், அப்படி ஏதாவது இருக்கும். ஆனால் முதல் வரியில் இருந்த பெயரையும் எடுத்திருந்தது. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒரு வருஷம் வேலை பார்த்த இடத்தில் தன் பெயர்கூட இருக்க வேண்டாம் என்று துடைத்துவிட்டுப் போகிற அளவுக்கு யார் என்ன செய்தார்கள்?

பெயர் இல்லாமல் ஃபைல் இருக்கக்கூடாது. அது விதி. அதனால் என் பெயரைப் போட்டேன். யாராவது போடத்தானே வேண்டும்.

கண்டமங்கலம் தாண்டிவிட்டோமா? சரி, நேரம் ஆகிறது.

இந்தக் கவரில் இரண்டு தாள். ஒன்று இந்தப் படிவம். இன்னொன்று விசாரணை அறிக்கை நகல், அரைப் பக்கம், ஜி.எம். கையெழுத்துடன். அவர்கள் கேட்கவில்லை. நான்தான் எடுத்து வைத்தேன். கொடுப்பதை முழுசாகக் கொடுப்போமே என்று. 'ஆம்' என்று போட்டால் ஆதாரம் வேண்டும் இல்லையா? அறிக்கையில் அப்படித்தானே இருக்கிறது. பணி பாதிக்கப்பட்டது, ஃபைலில் தவறு, ஃபைல் சுகந்தியுடையது. நான் மாற்றி எழுத முடியுமா? வேண்டுமானால் 'ஆம்' போட்டுவிட்டுப் பக்கத்தில் 'ஆனால் நல்ல பெண்' என்று எழுதலாம் என்று நினைத்தேன். காலையில் இருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டு வருகிறேன். பெருந்தன்மையாகவும் இருக்கும்.

என்ன கேட்டீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நான் அந்த ஆறு வரியை எடுக்காமல் இருந்திருந்தாலா?

ஓடியிருக்கும். அந்த ஃபைலோடு அந்தப் புரோகிராம் எட்டு மாதம் ஓடியது. ஒரு தடவைகூட விழவில்லை. ஓடியிருக்கும்.

நீங்கள்தான் இதைக் கேட்ட இரண்டாவது ஆள். சுகந்தி கேட்டதும் நீங்கள் கேட்டதும் ஒன்று இல்லை, ஆனாலும் ஏறக்குறைய. ஜி.எம். கேட்கவில்லை. விவசாயிகள் கேட்கவில்லை. என் வீட்டிலே கேட்கவில்லை. சால்வையைப் பார்த்துவிட்டு எத்தனை முழம் என்று கேட்டார்கள்.

இருங்கள், கேள்வியை இன்னொரு தடவை படிக்கிறேன். கண் வேறு தெரிய மாட்டேன் என்கிறது. 'இவரது கவனக்குறைவால்.' இவரது. அதாவது சுகந்தியுடையது. வேறு யாருடைய கவனக்குறைவையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு வரி இல்லை. படிவத்தில் என்னைப் பற்றி இருப்பது பெயரும் பதவியும்தான். அது இரண்டும் எழுதியாயிற்று.

கேட்டதற்குப் பதில். அவ்வளவுதானே.

பஸ் கொஞ்சம் நிற்கட்டும், வட்டம் கோணலாகிவிடும். ம். 'இல்லை.' சரியாக விழுந்ததா, உங்கள் கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள். 'ஆம்' மேலே இடிக்கவில்லையே? நல்லது. ஐந்தாவது, 'இணைப்புகள்.' அதற்கும் இல்லை. கையெழுத்து. தேதி. இந்தாருங்கள் உங்கள் பேனா. நல்ல பேனா.

வில்லியனூர் வந்துவிட்டது போல் இருக்கிறதே. ஆஸ்பத்திரிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாலேயே இறங்க வேண்டுமா, ஸ்டாண்டிலேயே இறங்கிக்கொள்ளலாமா? அங்கேயும் டோக்கன்தானாம். சீக்கிரம் போனால் முன்னால் கிடைக்கும். இந்தக் கவரைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், ஒட்ட வேண்டும். அந்த அறிக்கை நகல் உங்கள் மடியில் இருக்கிறதா? கொடுங்கள். நாலாக மடித்தால் மெலிசாக இருக்கும், எட்டாக மடிக்கிறேன். கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள், ஜன்னல் இடுக்கு எனக்கு எட்டவில்லை. இன்னும் உள்ளே. ஆங். சத்தம் நின்றுவிட்டது. இப்போது சொல்லுங்கள், ஸ்டாண்டில் இறங்கினால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும்?